வீட்டுக் கணக்கு: ஆராய்ச்சிக்குப் போய் வந்த பணத்துக்கு வரி உண்டா?



இந்தத் தடவை மூன்று கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் மூன்று பேர், ஊரும் மூன்று. ஆனால் கேள்வி என்னவோ ஒன்றுதான்.

முதல் சகோதரி எழுதுகிறார்: "மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தேன் அக்கா. இரண்டு தடவை போய்த் தங்க வேண்டியிருந்தது. மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தாங்க. மொத்தம் 12,000 ரூபாய் பாங்கில் போட்டாங்க. வீட்டில் அவரிடம் சொன்னால், 'வருமான வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வரப்போகுது பார்' என்கிறார். பயத்தில் ஒரு பைசா கூட எடுக்கவில்லை. அப்படியே கிடக்கிறது."

இரண்டாமவர் கைக்குழந்தைக்காரி. குழந்தையைத் தடுப்பூசி ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஆட்டோ செலவுக்கென்று ஐந்நூறு ரூபாய் தருகிறார்களாம். "இது குழந்தையின் வருமானமா, என் வருமானமா, வீட்டுக்காரர் வருமானமா?" என்று கேட்கிறார்.

மூன்றாமவரின் மகள் அமெரிக்காவில் குடியேறி வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் தூக்க ஆராய்ச்சியில் கலந்துகொண்டு 400 டாலர் வாங்கினாளாம். "600 டாலருக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாதும்மா" என்று அடித்துச் சொல்கிறாளாம். அம்மாவுக்குச் சந்தேகம்!

மூவருக்கும் முதலில் ஒரு வார்த்தை. பயப்படவே வேண்டாம். நியாயமாக வந்த பணம். அதற்கு ஒரு கணக்கு உண்டு, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்பதற்கு முன்னால், "எதற்காகக் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே கவரில் மூன்று விதப் பணம்

ஆராய்ச்சி நடத்துகிறவர்கள் கொடுக்கும் பணம் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அதில் மூன்று விதம் இருக்கலாம்.

முதலாவது, கைச்செலவைத் திருப்பிக் கொடுப்பது. பஸ் சார்ஜ், ஆட்டோ, ரயில் டிக்கெட், வழியில் சாப்பாடு இவையெல்லாம் உங்கள் கையிலிருந்து போன பணம். போனது திரும்பி வந்தால் அது வருமானம் ஆகுமா? பக்கத்து வீட்டு மாமிக்காக மார்க்கெட்டில் காய் வாங்கி வந்து, அவர் காசைக் கொடுத்ததும் "எனக்கு வரவு" என்று எழுதுவோமா? மாட்டோம். அதே நியாயம்தான் இங்கேயும். உண்மையில் செலவானதை, செலவான அளவுக்குத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு வரி இல்லை. செலவு 150 ரூபாய், கொடுத்தது 500 ரூபாய் என்றால் மிச்சம் 350-ஐத் திருப்பிக் கொடுத்த செலவு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, உங்கள் நேரத்துக்கும் சிரமத்துக்கும் கொடுப்பது. தங்கியதற்கு, ரத்தம் கொடுத்ததற்கு, சொன்ன நேரத்தில் சொன்னபடி நடந்துகொண்டதற்கு. இது வருமானம்தான். ஆராய்ச்சியில் கலந்துகொள்கிறவர்களுக்கென்று நம் வருமான வரிச் சட்டத்தில் தனி விலக்கு எதுவும் கிடையாது. சம்பளமும் இல்லை, வியாபாரமும் இல்லை, வாடகையும் இல்லை. ஆகவே எதிலும் சேராததையெல்லாம் சேர்க்கும் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் இது போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, நஷ்ட ஈடு. ஆராய்ச்சியினால் உடம்புக்குக் கெடுதல் வந்துவிட்டால் கொடுக்கப்படும் பணம். இதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இது லாபம் இல்லை, இழந்ததற்கு ஈடு. ஆகவே பொதுவாக இதை வருமானமாகக் கொள்வதில்லை. ஆனால் அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டு வட்டி வாங்கினால், வட்டி வருமானம்தான்.

"அக்கா, 50,000 ரூபாய் வரைக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லைன்னு சொல்றாங்களே?" என்று சிலர் கேட்கலாம். அந்தச் சலுகை, பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளாமல் சும்மா கொடுக்கிற பணத்துக்கு. ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு ராத்திரி தங்கி, கையை நீட்டி ரத்தம் கொடுத்து வாங்கிய பணம் அன்பளிப்பா? அதுதான் இல்லை!

வரி உண்டு என்றால் கட்ட வேண்டும் என்று அர்த்தமா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'வரிக்கு உட்பட்ட வருமானம்' என்பது வேறு, 'வரி கட்ட வேண்டிய வருமானம்' என்பது வேறு. முதலாவது, கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, மொத்தக் கணக்கையும் கூட்டிப் பார்த்த பிறகு தெரிவது.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் முதல் 4 லட்ச ரூபாய் வருமானத்துக்கு வரி இல்லை. வருமானம் 12 லட்சம் வரையில் இருந்தால், கணக்குப்படி வருகிற வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். நம் முதல் சகோதரி மாதிரி மூன்று பேரை வைத்துப் பார்ப்போமா?

ஒருவர் இல்லத்தரசி. வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுத்து வருஷத்துக்கு 84,000 ரூபாய். அவர் அம்மா கொடுத்த பணத்தின் டெபாசிட் வட்டி 60,000. ஆராய்ச்சியில் வந்தது 12,000. கூட்டினால் 1,56,000 ரூபாய். 4 லட்சத்துக்கு எவ்வளவோ கீழே. வரியும் இல்லை, இந்த வருமானத்துக்காக ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொருவர் வேலைக்குப் போகிறவர். எல்லாக் கழிவும் போக வருமானம் 7 லட்சம். அதோடு ஆராய்ச்சிப் பணம் 12,000. தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். அதில் இந்த 12,000-ஐயும் 'இதர வருமானம்' என்று ஒரு வரி எழுத வேண்டும்.

மூன்றாமவர்தான் கவனிக்க வேண்டியவர். சம்பளம் 12,70,000. நிலைக்கழிவு 75,000 போனால் 11,95,000. வரி பூஜ்யம். சந்தோஷம்! இவர் ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்து 15,000 ரூபாய் வாங்குகிறார். மொத்தம் 12,10,000. 12 லட்சக் கோட்டைத் தாண்டியாயிற்று. முழு வரி போட்டால் 61,500 வரும். அது அநியாயம் என்பதால், கோட்டுக்கு மேலே போன தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். ஆகவே வரி 10,000. அதன் மேல் 4 சதவிகித செஸ் 400. வாங்கிய 15,000-இல் 10,400 போய்விட்டது! கையில் நின்றது 4,600 ரூபாய்தான். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

செலவுக்குத் தனியாகப் பணம் தராமல் மொத்தமாக ஒரு தொகையைத் தந்தால், அதைச் சம்பாதிப்பதற்கென்றே செய்த செலவைக் கழித்துக் காட்டலாம். அதற்கு டிக்கெட்டும் ரசீதும் கையில் இருக்க வேண்டும். பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்!

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவுகளின் எண்கள் மாறும். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று குழப்பிக்கொண்டிருந்ததற்குப் பதில் 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர். ஆனால் மேலே சொன்ன அடிப்படை நியாயம் மாறவில்லை.

உங்கள் பணம், உங்கள் பெயரில்

முதல் சகோதரியின் வீட்டுக்காரருக்கு ஒரு பதில். இந்தப் பணம் அவருடைய வருமானத்தோடு சேராது. கணவர் கொடுத்த பணத்தை மனைவி பெயரில் போட்டு வட்டி வந்தால், அதைக் கணவர் கணக்கில் சேர்ப்பார்கள். இதுவோ அவர் தன் உடம்பை வருத்தி, தன் நேரத்தைக் கொடுத்துப் பெற்றது. முழுக்க முழுக்க அவருடைய வருமானம்.

ஆகையால் படிவத்தில் பான் எண் கேட்டால் உங்கள் பான் எண்ணையே கொடுங்கள். பாங்க் கணக்கும் உங்களுடையதாகவே இருக்கட்டும். "எனக்குன்னு தனியா கணக்கு எதுக்கு, அவரோடதையே குடுத்துடறேன்" என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்படிக் கொடுத்தால் உங்கள் வரவு அவர் கணக்கில் ஏறும். பிற்பாடு யார் வருமானம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட, நீங்கள் சம்பாதித்தது உங்கள் பெயரில் இருப்பதில் ஒரு தெம்பும் இருக்கிறது, இல்லையா?

சில சமயம் பணம் கொடுக்கும்போதே டி.டி.எஸ். என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பதுண்டு. 12,000-இல் 1,200 பிடித்திருந்தால், "போச்சு, வரி கட்டியாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வரியே இல்லை என்றால் அந்த 1,200 உங்கள் பணம். கட்டாயம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவிகிதம் வரை பிடிக்க இடம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே மாதிரி, டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்பதனால் வரியே இல்லை என்றும் ஆகிவிடாது. பிடிப்பது அவர்கள் கடமை. காட்டுவது நம் கடமை.

குழந்தைக்குக் கொடுத்தால்?

இரண்டாவது சகோதரியின் கேள்விக்கு வருவோம். பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் வருமானத்தைப் பொதுவாகத் தாய், தகப்பன் இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர்ப்பார்கள். குழந்தை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தால் அதற்கு விலக்கு உண்டு. பாட்டுப் பாடிப் பணம் வாங்கினால் திறமை. ஊசி போட்டுக்கொண்டு வீல் என்று அழுவதைத் திறமை என்று சொல்ல முடியுமா?

ஆனால் இந்தக் கேள்வி அநேகமாக எழவே எழாது. காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்திருக்கும் நெறிமுறைகளின்படி, குழந்தைக்காகப் பெற்றோர் சம்மதம் கொடுக்கும்போது போக்குவரத்து முதலிய கைச்செலவைத்தான் கொடுக்கலாம். அதற்கு மேல் பணத்தைக் காட்டி ஆசை மூட்டக் கூடாது. பணத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை யாரும் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆகவே அந்தச் சகோதரிக்கு வந்தது ஆட்டோ செலவு. ஆட்டோவுக்கு உண்மையில் ஐந்நூறு ஆகிறதென்றால் வரியைப் பற்றிய கவலையே வேண்டாம். ஆனால் குழந்தையை வைத்து யாராவது பெரிய தொகை பேசினால்? வரியைப் பற்றி யோசிக்காதீர்கள். அங்கிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் எப்படி?

இப்போது மூன்றாவது சகோதரியின் மகளுக்கு. 'அறுநூறு டாலர்' என்ற பேச்சு அங்கே ரொம்பப் பிரபலம். ஆனால் அந்த எண் வரிக்கு உரியதல்ல, படிவத்துக்கு உரியது. ஒரு வருஷத்தில் 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், கொடுத்த நிறுவனம் 1099 என்ற படிவத்தை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. 2026 முதல் கொடுக்கிற பணத்துக்கு அந்த எல்லையை 2,000 டாலராக உயர்த்தியிருக்கிறார்கள். படிவம் வந்தாலும் வராவிட்டாலும், வாங்கிய 400 டாலரை வருமானத்தில் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். ஆகவே அம்மா பட்ட சந்தேகம்தான் சரி!

மாணவர் விசாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அங்கே வரி பிடிக்கும் முறையே வேறு. அவர்கள் ஆராய்ச்சியில் சேருவதற்கு முன்னால் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் அலுவலகத்தில் கேட்டுவிடட்டும்.

"வலியைப் பொறுத்துக்கிட்டதுக்குத்தானே பணம், அதுக்குமா வரி?" என்று நம் மனசு கேட்கிறது. இதே கேள்வியை அமெரிக்க வரி நீதிமன்றத்தில் ஒரு பெண் கேட்டிருக்கிறார். குழந்தை இல்லாத தம்பதிகளுக்காகக் கருமுட்டை தானம் செய்து, இரண்டு தடவையாக 20,000 டாலர் வாங்கியவர். ஊசிகளும் வேதனையும் பட்டதற்கான நஷ்ட ஈடு இது, ஆகவே வரி கூடாது என்று வாதாடினார். 2015-இல் தீர்ப்பு வந்தது. பட்ட வலி உண்மைதான். ஆனால் தெரிந்தே, ஒப்பந்தம் போட்டுச் சம்மதித்து வாங்கிய பணம் நஷ்ட ஈடு ஆகாது, வருமானமே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதித்துச் செய்வதற்குக் கிடைப்பது ஊதியம். சம்மதிக்காத தீங்கு நேர்ந்தால் கிடைப்பது ஈடு.

அதே நீதிமன்றத்தில் 1980-இல் இன்னொரு சுவாரசியமான வழக்கு. அபூர்வ ரத்த வகை கொண்ட ஒரு பெண், தன் ரத்தத்தின் பிளாஸ்மாவை அடிக்கடி விற்று அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தார். அது வருமானம் என்று தீர்ப்பானது. ஆனால் ரத்தம் கொடுக்கும் இடத்துக்குப் போய்வந்த செலவைக் கழிக்க அனுமதித்தார்கள். சரக்கைக் கொண்டுபோக வண்டிச் சத்தம் உண்டல்லவா? இங்கே சரக்கு இருக்கும் பாத்திரமே அந்த அம்மாள்தான் என்று நீதிமன்றம் கருதியது! சிரிப்பு வந்தாலும் நியாயம் இருக்கிறது, பாருங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

வரிக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால் முதல் நாளே காகிதம் சரியாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய விதிகள் உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். பணம் தருவதாக இருந்தால் அது எப்படி, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்பதை அதில் சொல்ல வேண்டும். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

ஆராய்ச்சியினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியம் இலவசம். அதற்கு மேல் நஷ்ட ஈடும் உண்டு. மரணம் நேர்ந்தால் ஈட்டைக் கணக்கிட 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கூட்டியோ குறைத்தோ தருவார்கள். ஆகவே பாதிப்பு வந்த பிறகு யாராவது பழைய வவுச்சரிலேயே கையெழுத்து வாங்கிச் சிறு தொகையைத் திணித்தால், அது எந்தப் பணம் என்று எழுத்தில் கேளுங்கள். ஊதியம் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் அது நஷ்ட ஈடு என்று வாதாடுவது கஷ்டம்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. ஆராய்ச்சி, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்று கேளுங்கள். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2. செலவுக்கு எவ்வளவு, நேரத்துக்கு எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. டிக்கெட், ரசீது, வவுச்சர் நகல், சம்மதப் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

4. பணம் வந்த தேதியையும் தொகையையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதுங்கள். மார்ச் 31-இல் கூட்டிப் பாருங்கள்.

5. டி.டி.எஸ். பிடித்தார்களா என்பதை வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் பாருங்கள்.

6. வரி வரும் அளவுக்கு வருமானம் இருந்து, முன் வருஷம் காட்டாமல் விட்டுப்போயிருந்தால், கூடுதல் வரியோடு திருத்திக் காட்ட நாலு வருஷம் வரை வழி உண்டு. ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, முதல் சகோதரிக்கு: அந்த 12,000 ரூபாயைத் தாராளமாக எடுத்துச் செலவு செய்யுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வேறு வருமானம் உங்களுக்கு இல்லை. வரியும் இல்லை. ஆனால் அடுத்த ஆராய்ச்சிக்கு உடனே ஓடிப் பெயர் கொடுக்காதீர்கள். ரத்தம் கொடுத்த உடம்பு தேறட்டும். முன்னால் எதிலாவது கலந்துகொண்டிருக்கிறீர்களா என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். வரி ஆபீஸில் ஒளித்தால் அபராதத்தோடு போகும். டாக்டரிடம் ஒளித்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த இதழில்: மாதச் சீட்டுப் பணத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி?